ஜெபாவின் சட்டையில் ஒட்டிய அம்பு

கண்ணு,

சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்று கேட்டுத்தான் நான் எதையும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ பெங்களூர் போனதிலிருந்து போனை எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை எடுத்தாய், அதுவும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் பொம்மையை அனுப்புவாய். அதனால்தான் பேப்பரில் எழுதி, எங்கள் கம்பெனியிலிருந்து உன் ஆபீசுக்கு வரும் சாம்பிள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். அம்மாவின் போனை எடுக்காமல் உன்னால் இருக்க முடியும். சாம்பிள் பார்சலைப் பிரிக்காமல் இருக்க முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை நம் நல்லூர்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எஸ்தர் தன் மகள் ஜெபாவின் டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். தலைமை ஆசிரியைதான் கையெழுத்துப் போடாமல் சனிக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு நீ வந்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்காவிட்டால், அவள் மகளைக் கொண்டுபோய் உடன்குடியில் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிடுவாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அம்மாவைப் பிரிந்து இருக்கப் போகிறது. காரணம் நீ.

எஸ்தர் யாரென்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீ மறந்தவன் மாதிரி நடந்துகொள்வதால். தைத்து வருகிற பனியன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்கிற செக்கிங் செக்‌ஷனில் நான் இன்சார்ஜ். அவள் எனக்கு இரண்டாவது மேசையில் நிற்கிறாள். அவள் புருசனுக்குத் துணிக்குச் சாயம் போடுகிற டையிங்கில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பல பேர் ஊரில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவள் மட்டும் விடவில்லை. காலனியில் எல்லோரும் சொல்லியும் கேட்காமல், ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இழுபறியாக ஓட்டிக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்டவள்தான் இப்போது அனுப்பிவிடுகிறேன் என்கிறாள். அவளுக்கு எவ்வளவு ஆறாத கோபம் இருந்தால் அந்த வார்த்தை வந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அந்த ஸ்பானிஷ் வகுப்பை நீ ஆரம்பித்த நாளை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டி வைத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்றாய். அரசாங்கம் வாத்தியார் போடவில்லை, நாமே சேர்ந்து செய்வோம் என்றாய். பின்னால் இருந்து ஒருத்தர் எழுந்து, "ஏனுங்க, இங்கிலீசே இன்னும் வாயில நொழையலீங்க. இதுல ஸ்பானிசு எதுக்குங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல், "நம்ம தைக்கற துணி அந்த ஊருக்குப் பொட்டிக்குள்ள அடைஞ்சு போகுதுங்க. நம்ம புள்ளைங்க போனா பேசிட்டுப் போகட்டுமுங்க" என்றாய். எனக்கு அன்று நெஞ்சு நிறைந்துபோனது. நம் துணியை வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் அனுப்பவும் வீடியோ காலில் பேசவும் நீயாகப் படித்த பாஷையை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தாயே என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அவரைத் தூங்க விடவில்லை.

சர்ச்சிலிருந்து லூர்து சிஸ்டர் வந்தார்கள். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருஷம் இருந்து திரும்பியவர்கள். பெஞ்சைத் துடைத்துப் போடவும் பிள்ளைகளைக் கூட்டி வந்து திருப்பி விடவும் எங்கள் செக்கிங் பெண்கள் வந்தார்கள். புத்தகம் இல்லையே என்று நீ தலையைச் சொறிந்தபோது, கம்பெனியில் மிஞ்சிப்போன வாஷ் கேர் லேபிளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டியது எஸ்தர்தான். நாங்கள் வருஷக்கணக்காகச் சட்டைக்குள் இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த லேபிள். அதில் நாலைந்து பாஷை இருக்கும். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை எஸ்தர் வேலைக்கு வந்ததும் வராததுமாக ஒரு சட்டையைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டி, "எக்கா, இந்தா இருக்குல்லா, இது அல்கோதோன். பருத்தின்னு அர்த்தமாம். பிள்ள வாசிச்சுச் சொல்லுதா" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் கையில் வந்த ஒவ்வொரு பீஸிலும் அந்த வார்த்தையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். கண்ணு, நீ செய்ததிலேயே பெரிய வேலை அதுதான். அதைச் செய்தவனும் நீதான் என்பதால்தான் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல்.

கம்பெனித் தையல் லைன் மாதிரி வரிசையாக மேசை போட்டதை நான் குறை சொல்லவில்லை. முதல் மேசையில் சிஸ்டர் வணக்கம் சொல்லக் கற்றுக் கொடுப்பார்கள். அடுத்ததில் எண், அடுத்ததில் நிறம், அப்புறம் லேபிள் வாசிப்பு, கடைசியில் உன் மேசை. ஒருத்தருக்கு முழுப் பாஷையும் தெரிய வேண்டியதில்லை, அவரவர் மேசைக்கு உள்ளது தெரிந்தால் போதும் என்றாய். வண்ணம் சொல்லித்தரும் டைலர் பையனுக்கு அந்த ஏழெட்டு வார்த்தைக்கு மேல் ஒன்றும் தெரியாது, ஆனால் அதை அவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்தான். திருப்பூர்க்காரர்களுக்குத்தான் இப்படி யோசனை வரும் என்று தலைமை ஆசிரியை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். லைன் என்று ஒன்று போட்டால் அதன் கடைசியில் செக்கிங் வந்து உட்கார்ந்துவிடும் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். நான் பிழைப்பதே அதில்தானே.

பையர் ஆட்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் உனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷிப்மெண்ட் நெருங்கினால் எப்படி இருப்பாயோ அப்படி ஆகிவிட்டாய். நோட்டில் ஒட்ட வேண்டும் என்று என் பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்தாய். நானும் சரி என்றேன். தப்பு இருக்கிற இடத்தைக் காட்டி நாங்கள் பீஸில் ஒட்டுகிற சிவப்பு அம்பு. முதலில் நோட்டில்தான் ஒட்டினாய். அவர்கள் வருவதற்கு முந்தின ஒத்திகையில் நோட்டு இல்லை, பிள்ளைகள் வரிசையாக வந்து பேசிக் காட்டினார்கள். தடுமாறின பிள்ளையின் சட்டையில் அம்பை ஒட்டி, "ஆல்டர் டேபிளுக்குப் போ" என்றாய். பிரித்துத் தைக்க வேண்டிய பீஸுக்கு நாங்கள் சொல்கிற வார்த்தை. பிள்ளைகள் சிரித்தார்கள்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. வீட்டில் அம்மா அப்பா பேசுகிற பேச்சு ஆயிற்றே. ஜெபா உன் முன்னால் வந்தாள். வாய் வரவில்லை. ஓர் அம்பு. திரும்ப வந்தாள், மறுபடியும் ஓர் அம்பு. மூன்றாவது முறை பின்னால் நின்ற பையன்கள் "ரிஜக்ட், ரிஜக்ட்" என்று கத்தினார்கள். நீ அவர்களை அதட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீ நாளைக்கு நிக்க வேண்டாம் பாப்பா, உக்காந்து பாரு" என்றாய். இதையெல்லாம் எனக்குச் சொன்னது சிஸ்டர்தான்.

அந்தப் பிள்ளை அம்பைப் பிய்த்துப் போடவில்லை. மூன்றையும் சட்டையில் வைத்துக்கொண்டே காலனி வரைக்கும் நடந்து போயிருக்கிறது. அவர்கள் காலனியில் செக்கிங்குக்குப் போகாத வீடு கிடையாது. அந்த அம்பு என்ன என்று வாசலில் நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். எஸ்தர் வேலை முடிந்து வந்தபோது ஜெபா யூனிபார்மைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாளாம். நாள் முழுவதும் தன் கையால் ஒட்டிவிட்டு வந்த அதே அம்பு, தன் பிள்ளையின் நெஞ்சில் இருப்பதைப் பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

மறுநாள் வருகை நன்றாக நடந்தது. பிள்ளைகள் கூவினார்கள், வந்தவர்கள் கைதட்டினார்கள், பள்ளி மைதானத்திலேயே உன் தோளைத் தட்டித் தங்கள் பெங்களூர் ஆபீஸுக்கு வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். அன்றைக்கு ஜெபா வரவில்லை என்பதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. அப்புறமும் அவள் வரவில்லை. தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "வெளையாட்டுக்குத் தானுங்க டீச்சர், பசங்களே சிரிச்சாங்க" என்றாய். டி.சி. விஷயம் தெரிந்ததும் சேர வேண்டிய தேதிக்கு ரொம்ப முன்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். வீடு பார்க்க வேண்டும் என்றாய். பெங்களூரில் வீடு எங்கும் ஓடிவிடாது கண்ணு. ஓடினது நீதான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பாய். எனக்கும் தெரியும். பனியனுக்குத் தன்மேல் அம்பு ஒட்டினது தெரியாது, அதனால் எங்கள் வேலையில் யார் மனசும் நோகாது. அந்தப் பழக்கத்தை நீ அப்படியே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய், அவ்வளவுதான். ஆனால் நீ முதல் வகுப்பில் எப்படி இருந்தாய் என்பது ஞாபகம் இருக்கிறதா? இங்கிலீஷ் மீடியத்தில் போட்டோம். முதல் பருவம் முழுக்க நீ வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சே வராத பிள்ளையோ என்று மிஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டில் நீ அப்பாவின் வண்டியைப் பிடித்துக்கொண்டு அதனிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். "கம், சிட், டோண்ட் டாக்" என்று வண்டியை மிரட்டுவாய். மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, பேசுகிறபோது பேசட்டும் என்று உன்னை விட்டார்கள். உன்னை யாரும் உட்கார்ந்து பார் என்று சொல்லவில்லை. ஜெபாவும் அந்த மாதிரிதான். லேபிளைக் கையில் கொடுத்தால் படபடவென்று வாசிப்பாள், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. அது உனக்குத் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனியில் ஒரு முறை தப்பான அளவை வைத்து, அடுக்கி வைத்த துணி அத்தனையையும் வெட்டிவிட்டார். மொத்தமும் குட்டையாகிப் போயிற்று. தையலுக்குப் போன பிறகுதான் தெரியும், அப்போது யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் உன்னை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். வாசலில் வைத்து முதலாளி கத்தின கத்தலில் நீ பயந்து அழுதுவிட்டாயாம். அப்பா ஒரு பதில் பேசவில்லை, நகரவும் இல்லை. திரும்பி வரும்போது, "ஏம்ப்பா அங்கயே நின்னீங்க, வந்திருக்கலாமல்ல?" என்று கேட்டிருக்கிறாய். "நாந்தான கண்ணு வெட்டுனேன். வேற ஆரு போயி நிக்கறது?" என்றாராம். இதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது நீதான். நீ போன பிறகு, உன் பேச்சை எடுத்தாலே அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். டி.சி.க்குக் கொடுத்த பிறகு எஸ்தர் என்னிடம் பேசுவதே இல்லை. நான் இன்சார்ஜ், அவளால் என்னைத் திட்டவும் முடியாது. பீஸை என் மேசையில் வைப்பாள், போய்விடுவாள். அதைவிடத் திட்டியிருக்கலாம். நேற்று டீ டைமில் நானே அவள் பக்கத்தில் போய், "அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் சாமி, புள்ளைய அனுப்பிப்போடாத" என்றேன். அவள் டீயைக் கீழே வைத்தாள். பிறகு ரோலிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்து என் சேலைக்கு மேல் போட்டிருக்கிற ஓவர்கோட்டின் கையில் ஒட்டினாள். "எடுக்காதிய. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்க்கா" என்றாள். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. நான் எடுக்கவில்லை. அயர்னிங்குக்குப் போனேன், பேக்கிங்குக்குப் போனேன், மேனேஜரிடம் போய் நின்றேன். எல்லோருடைய கண்ணும் முதலில் என் கைக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வந்தது. இந்த வயதில், இத்தனை வருஷ வேலைக்குப் பிறகு, நான் பாத்ரூமில் போய் அழுதேன் கண்ணு. அந்தப் பிள்ளைக்கு மூன்று இருந்தது.

சாயங்காலம் ஓவர்கோட்டைக் கழற்றாமலே அவள் காலனிக்குப் போனேன். எஸ்தர் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டே பேசினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க கிட்ட எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்க கேக்க மன்னிப்ப நான் எங்க கொண்டு வைக்க? செஞ்சவுக வந்து என் பிள்ள முன்னாடி சொல்லட்டும். இல்லன்னா சனிக்கிழமை சாயந்திர வண்டிக்கு நான் கொண்டு விட்டுருவேன். இந்த ஊர்ல அவ தலையக் குனிஞ்சிட்டுத் திரிய வேண்டாம்" என்றாள். உள்ளே கட்டிலில் ஒரு பை பாதி அடுக்கி இருந்தது. மேலே பள்ளிக்கூட ஷூ.

ஜெபா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். மெல்ல வெளியே வந்து, "பெரியம்மா, உங்களுக்கு எதுக்கு அம்பு?" என்று கேட்டாள். நான் தப்புச் செய்தேன் என்றேன். அப்புறம் கிட்ட வந்து, ஓரத்தை நகத்தால் நெண்டி, கிழியாமல் அந்த அம்பை எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய்ப் பீரோக் கதவில் ஒட்டினாள். அங்கே அவளுடைய மூன்றும் ஏற்கெனவே இருந்தன. நான்கையும் விரலால் அழுத்திவிட்டுத் திரும்பி, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல ஒன்று கேட்டாள்.

"அந்த அண்ணனுக்கு யாரு பெரியம்மா ஒட்டுனாங்க?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அண்ணனையே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசல் தாண்டும்போது, சனிக்கிழமை நீ வருவாயா என்று எஸ்தர் கேட்டாள். வருவான் என்று நான் சொல்லவில்லை. உனக்காக இனி நான் எங்கேயும் வாக்குக் கொடுக்கப் போவதில்லை.

கூட்டம் காலை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறேன் என்று நேரத்தைக் கடத்தாதே, நேராகப் பள்ளிக்கு வா. நானும் அப்பாவும் பின் பெஞ்சில் இருப்போம், உனக்காக எழுந்து பேச மாட்டோம். சிஸ்டர் இருப்பார்கள், எஸ்தர் இருப்பாள். ஜெபாவை முன் வரிசையில் உட்கார வைக்கிறேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவள் கேட்டதற்குப் பதிலை நீயே சொல்.

அம்மா